மணிக்கு மணி அதே நிமிடம்: சுழற்சி ரயில் அட்டவணையைக் கணிதமாக எழுதித் தீர்ப்பது எப்படி

7:43-க்கு ஒரு ரயில் கிளம்பினால் 8:43-க்கும் 9:43-க்கும் அதே வழித்தடத்தில் இன்னொன்று கிளம்ப வேண்டும். சுழற்சி அட்டவணையின் விதி இவ்வளவுதான். நெதர்லாந்து 1970-இலும் சுவிட்சர்லாந்து 1982-இலும் நாடு முழுவதற்கும் இந்த முறைக்கு மாறின. பயணி நிமிடத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும். திட்டமிடுபவருக்கும் லாபம் உண்டு: ஒரு நாளின் அட்டவணையை வரைய வேண்டியதில்லை, ஒரு மணி நேரத்தை வரைந்தால் போதும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் வட்டமாகச் சுற்றி வந்து தன் வாலையே பிடிப்பதால், ஓர் இடத்தில் 2 நிமிடம் நகர்த்தினால் 200 கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒன்று இடிக்கும்.

இதைக் கணித வடிவில் தெளிவாக எழுதியவர்கள் செராஃபினியும் உகோவிச்சும், 1989-இல். அவர்களின் மாதிரியைத் துறையில் ‘பெஸ்ப்’ என்பார்கள். சுழற்சி நிகழ்வுகளை அட்டவணைப்படுத்தும் கணக்கு. பெர்லின் சுரங்க ரயிலின் 2004 டிசம்பர் அட்டவணையும் நெதர்லாந்தின் 2006 டிசம்பர் அட்டவணையும் இந்த அடித்தளத்தில் உருவானவை. கீழே ஒரு சிறு வலைப்பின்னலை எடுத்துக்கொண்டு, முதல் தரவிலிருந்து இரவில் ரேக் (ஒன்றாக ஓடும் பெட்டித் தொடர்) நிறுத்துவது வரை போவோம். பேனாவும் தாளும் போதும்.

எடுத்துக்காட்டு வலைப்பின்னல்

கற்பனை நிலையங்கள் நான்கு: தலைநகர், சந்திப்பு, துறைமுகம், மலையூர். தலைநகர் – சந்திப்பு – துறைமுகம் இரட்டைப் பாதை; இது பிரதான வழித்தடம். சந்திப்பிலிருந்து மலையூருக்கு ஒற்றைப் பாதை, இது கிளை வழித்தடம்; நடுவில் லூப் லைன் (எதிர் ரயிலுக்கு ஒதுங்கி வழிவிடும் பக்கப் பாதை) கிடையாது. இரண்டு வழித்தடங்களிலும் மணிக்கு ஒரு ரயில். ஆகவே சுழற்சிக் காலம் சு = 60.

தலைநகர் – சந்திப்பு ஓட்ட நேரம்: 38 நிமிடம்
சந்திப்பு – துறைமுகம்: 24
சந்திப்பு – மலையூர்: 22
சந்திப்பில் பிரதான ரயில் நிற்கும் நேரம்: 2
தலைநகரில் ரேக் திரும்பும் நேரம்: குறைந்தது 8, அதிகபட்சம் 20
துறைமுகத்தில் திரும்புவது: 8 முதல் 40
மலையூரிலும், சந்திப்பில் கிளை ரயிலுக்கும் திரும்புவது: 5 முதல் 15
கிளை வழித்தடத்துக்கு ஒரே ரேக்
தலைநகரிலிருந்து வருபவர் மலையூர் ரயிலுக்கு மாற: 4 முதல் 9. மலையூரிலிருந்து வருபவர் தலைநகர் ரயிலுக்கு மாற: 4 முதல் 9

ஓட்ட நேரங்கள் எல்லாம் உபரி சேர்த்த எண்கள் என்று கொள்ளுங்கள். ரயில் முழுத் திறனில் ஓடினால் ஆகும் நேரத்தின் மேல் ஒரு விழுக்காடு கூட்டுவது வழக்கம். நெதர்லாந்தில் அது சுமார் 7 சதவீதம். அந்த உபரி இல்லாத எண்களை உள்ளிட்டால் அட்டவணை கணினியில் ஓடும், தண்டவாளத்தில் ஓடாது.

முதல் படி: நிகழ்வுகளும் செயல்களும்

ஒவ்வொரு வருகையும் ஒவ்வொரு புறப்பாடும் ஒரு நிகழ்வு. பிரதான வழித்தடத்தில் போகும் திசைக்கு 4, வரும் திசைக்கு 4, கிளையில் 4, மொத்தம் 12. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு மாறி நே, அதன் மதிப்பு 0 முதல் 59 வரை ஏதோ ஒரு நிமிடம்.

இரண்டு நிகழ்வுகளை இணைப்பது செயல். ஓட்டம் 6, சந்திப்பில் நிற்பது 2, ரேக் திரும்புவது 4, பயணி மாறுவது 2, ஆக 14. ஒவ்வொரு செயலுக்கும் கீழ் எல்லை கீ, மேல் எல்லை மே. நிபந்தனை இது:

கீ ≤ நே(பின்) − நே(முன்) + சு × மு ≤ மே

மு என்பது முழு எண். கடிகாரம் 59 தாண்டி 0-க்கு வருவதை ஈடுகட்ட அது தேவை. ரயில் 43-இல் கிளம்பி 5-இல் சேர்ந்தால் 5 − 43 = −38; மு = 1 என்றால் 22. இந்த மு மட்டும் இல்லையென்றால் இது கல்லூரி நேரியல் கணக்கு. மு இருப்பதால்தான் பெஸ்ப் கடினமான கணக்குகளின் வகுப்பில் சேர்கிறது.

உள்ளிடும்போது இரண்டு சிக்கனங்கள் செய்யலாம். ஓட்ட நேரம் 60-ஐத் தாண்டினால் 60-ஐக் கழித்துவிட்டு மீதியை மட்டும் எழுதுங்கள்; 69 நிமிடம் என்பது நிமிட முள்ளுக்கு 9 நிமிடம்தான், முழு மணியை இறுதியில் கூட்டிக்கொள்ளலாம். கீழ் எல்லை 60-க்குக் கீழும், எல்லைகளின் இடைவெளி 60-க்குக் குறைவாகவும் இருந்தால் மு-வுக்கு 0, 1, 2 தவிர வேறு மதிப்பு வராது. அதைச் சால்வரிடம் (கணக்கைத் தீர்க்கும் மென்பொருளிடம்) வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: பாதுகாப்பு நிபந்தனைகள்

ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் போனால் இடையே குறைந்தபட்ச இடைவெளி வேண்டும். 3 நிமிடம் என்றால் எல்லை 3 முதல் சு − 3 வரை. மேல் எல்லை எதற்கு என்றால், இரண்டாவது ரயிலுக்குப் பின்னால் அடுத்த சுற்றின் முதல் ரயில் வருகிறதே, அதற்கும் 3 நிமிடம் வேண்டும்.

புதிதாகச் செய்பவர்கள் மிகுதியாக வழுக்கும் இடம் இதுவே. சு = 30 என்று வைத்து, ஒரே பாதையில் 30 நிமிடம் ஓடும் சாதாரண ரயிலும் 22 நிமிடம் ஓடும் விரைவு ரயிலும் போகின்றன என்போம். சாதாரண ரயில் 0-இல் கிளம்புகிறது, விரைவு ரயில் 5-இல். புறப்பாட்டில் இடைவெளி 5, சரி. விரைவு ரயில் 27-இல் சேர்கிறது, சாதாரணம் 30-இல். இடைவெளி 3, அதுவும் சரி. புறப்பாட்டுக்கு ஒன்று, வருகைக்கு ஒன்று என்று இரண்டு நிபந்தனை எழுதியவரின் மாதிரி இதை ஏற்றுக்கொள்ளும். நடந்தது என்ன? நடுவழியில் ஒரே தண்டவாளத்தில் பின்னால் வந்த ரயில் முன்னால் போன ரயிலைத் தாண்டிவிட்டது! வட்டக் கணக்குக்கு யார் முன், யார் பின் என்பது தெரியாது. ஓட்ட நேரங்கள் நிலையானவை என்றால் ஓட்ட நேர வித்தியாசம் 8-ஐக் கீழ் எல்லையில் சேர்த்து, சாதாரணத்துக்குப் பின் விரைவு 11 முதல் 27 வரை என்று ஒரே நிபந்தனையாக எழுதுங்கள். ஓட்ட நேரம் நெகிழக்கூடியது என்றால், பாதையைப் பிளாக் செக்ஷன்களாக (ஒரு நேரத்தில் ஒரு ரயிலுக்கு மட்டும் இடம் தரும் துண்டுகளாக) வெட்டி ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும்.

ஒற்றைப் பாதைக்கும் இதே வடிவம். ஒரு முனையில் கிளம்பும் ரயிலுக்கும் மறுமுனையில் எதிர்த்துக் கிளம்பும் ரயிலுக்கும் உள்ள இடைவெளியின் கீழ் எல்லை: முதல் ரயிலின் ஓட்ட நேரமும் பாதையை மாற்றிக்கொடுக்க ஆகும் நேரமும். மேல் எல்லை: சுழற்சிக் காலத்திலிருந்து எதிர் ரயிலின் ஓட்ட நேரத்தையும் அதே மாற்று நேரத்தையும் கழித்தது. இதிலிருந்தே ஒரு விரைவான சோதனை கிடைக்கிறது: இரு திசை ஓட்டத்தின் கூட்டல் சு-வைத் தாண்டினால் நடுவில் லூப் வேண்டும். மலையூர்ப் பாதையில் 44. மணிக்கு ஒரு ரயில் ஓடும், அரை மணிக்கு ஒன்று லூப் இல்லாமல் ஓடவே ஓடாது. எங்கே லூப் போடுவது? ஒரே வழித்தடத்தின் எதிரெதிர் ரயில்கள் சு-வில் பாதி நேரத்துக்கு ஒருமுறை சந்திக்கும். மணிக்கு ஒன்று என்றால் 30 நிமிடப் பயணத்துக்கு ஒரு கிராசிங் (எதிரெதிர் ரயில்கள் விலகிப் போகும் இடம்), அரை மணிக்கு ஒன்று என்றால் 15 நிமிடத்துக்கு ஒன்று.

எங்கள் எடுத்துக்காட்டில் கிளைக்கு ஒரே ரேக் என்பதால் மோத இன்னொரு ரயிலே இல்லை. அந்த நிபந்தனையை விட்டுவிடலாம்.

மூன்றாம் படி: சால்வரைத் தொடுமுன் சுழற்சிகளைக் கூட்டுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. ஆனால் முழு வேலையிலும் அதிகம் கற்றுத்தருவதும் இதுதான்.

நிகழ்வு வரைபடத்தில் ஓரிடத்தில் கிளம்பி அதே இடத்துக்குத் திரும்பும் எந்தச் சுழற்சியிலும், செயல்களின் நேரத்தைக் கூட்டினால் சு-வின் முழு மடங்குதான் வரவேண்டும் (திசைக்கு எதிராகக் கடக்கும் செயலைக் கழிக்க வேண்டும்). சார்பில்லாத சுழற்சிகளின் எண்ணிக்கை: செயல்கள் − நிகழ்வுகள் + 1. இங்கே 14 − 12 + 1 = 3. ஆக, 14 மு மாறிகளுக்குப் பதில் 3 முழு எண்கள் போதும். பெரிய வலைப்பின்னலில் இந்த மாற்றம் ஒன்றே கணக்கு முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கலாம். எல்லைகள் இறுக்கமான செயல்களால் ஆன சுழற்சிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் சாத்தியமான முழு எண்கள் குறையும்.

முதல் சுழற்சி, கிளை ரேக்: 22 + 22 + இரு திரும்பல்கள். குறைந்தது 54, அதிகபட்சம் 74. இடையில் 60 மட்டுமே. எனவே இரு திரும்பல்களின் கூட்டல் 16.

இரண்டாவது, பிரதான ரேக்: 38 + 2 + 24 + 24 + 2 + 38 = 128, அதோடு இரு முனைத் திரும்பல்கள். குறைந்தது 144, அதிகபட்சம் 188. இடையில் 180 மட்டும். மணிக்கு ஒரு ரயில் கிளம்ப வேண்டும் என்பதால் 180 ÷ 60, அதாவது 3 ரேக். 144 என்பது 120-ஐத் தாண்டிவிட்டதால் 2 ரேக்கில் ஓட்ட வழியே இல்லை.

மூன்றாவது, பயணியின் வழி: தலைநகரில் கிளம்பி, சந்திப்பில் மாறி, மலையூர் போய், அங்கே ரேக் திரும்பி, மறுபடி சந்திப்பில் மாறி, தலைநகர் வந்து, ரேக் திரும்புவது. குறைந்தது 38 + 4 + 22 + 5 + 22 + 4 + 38 + 8 = 141. அதிகபட்சம் 38 + 9 + 22 + 15 + 22 + 9 + 38 + 20 = 173.

141-க்கும் 173-க்கும் இடையில் 60-இன் மடங்கு எதுவும் இல்லை. இந்தத் தரவுக்கு அட்டவணையே கிடையாது. சால்வர் ‘தீர்வு இல்லை’ என்று மட்டும் சொல்லியிருக்கும், எங்கே இடிக்கிறது என்று சொல்லாது. சுழற்சி சொல்லிவிடுகிறது.

இப்போது எதைத் தளர்த்துவது? 180 − 173 = 7 நிமிடம் கூட்டினால் போதும் என்று தோன்றும். போதாது. முதல் சுழற்சிப்படி மலையூரில் 11-க்கு மேல் நிற்க முடியாது, ஏனெனில் சந்திப்பில் 5 வேண்டும். உண்மையான அதிகபட்சம் 169, பற்றாக்குறை 11. பயணியின் காத்திருப்பில் இதைப் போட்டால் இரு மாற்றங்களும் கிட்டத்தட்ட 15 நிமிடம் ஆகும், அது மோசமான பேரம். மாறாக இரண்டாவது சுழற்சியைப் பாருங்கள்: 180 − 144 = 36 நிமிட உபரி எப்படியும் எங்கோ கிடக்கப்போகிறது. தலைநகரில் 20 என்று எல்லை போட்டதால் அது துறைமுகத்தில் போய்க் குவிந்திருந்தது. தலைநகர் எல்லையை 45 ஆக்கினால் ஒரு ரேக்கும் கூடாது. விலை ஒன்றுதான்: தலைநகரில் ஒரு நடைமேடை நெடுநேரம் அடைபடும். அந்த நடைமேடையை வேறு வழித்தடத்துடன் பகிர்ந்தால் அதையும் நிபந்தனையாக எழுத வேண்டும்.

இதே கூட்டலைச் சுவிஸ்காரர்கள் நாட்டு அளவில் செய்தார்கள். ஜூரிக் – பெர்ன் 69 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. இரு நிலையங்களிலும் எல்லா ரயில்களும் முழு மணிக்குச் சற்று முன் வந்து, சற்றுப் பின் கிளம்ப வேண்டும் என்றால் போய்வரும் சுழற்சி 138-உம் இரு நிறுத்தங்களும் சேர்ந்து 60-இன் மடங்காக வேண்டும். அடுத்த மடங்கு 180. 42 நிமிடம் வீண். அதனால் மட்ஷ்டெட்டன் – ரோத்ரிஸ்ட் புதிய பாதையைக் கட்டி, 2004 டிசம்பர் 12 முதல் 56 நிமிடமாக்கினார்கள். 112 + 8 = 120. இயன்ற அளவு வேகம் என்பது இலக்காக இருக்கவில்லை, அட்டவணைக்குத் தேவையான வேகமே இலக்கு. அட்டவணையை முதலில் வரைந்து பிறகு பாதை கட்டும் இந்த வரிசைதான் சரி என்பது எங்கள் கருத்து. பெரும்பாலான நாடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

நான்காம் படி: குறிக்கோளும் தீர்வும்

தலைநகர் எல்லையை 45 ஆக்கியதும் மூன்று சுழற்சிகளின் முழு எண்களும் 1, 3, 3 என்று தாமாகவே உறுதியாகிவிட்டன. மிச்சம் மூன்று சமன்பாடுகள்:

மலையூர்த் திரும்பல் + சந்திப்புத் திரும்பல் = 16
தலைநகர்த் திரும்பல் + துறைமுகத் திரும்பல் = 52
இரு மாற்ற நேரங்கள் + தலைநகர்த் திரும்பல் + மலையூர்த் திரும்பல் = 60

வழக்கமான குறிக்கோள்: ஒவ்வொரு செயலிலும் கீழ் எல்லைக்கு மேலான நேரத்தைப் பயணிகள் எண்ணிக்கையால் பெருக்கி, கூட்டுத்தொகையைக் குறைப்பது. அப்படி விட்டால் சால்வர் இரு மாற்றங்களையும் 4 நிமிடத்தில் ஒட்டவைக்கும். தலைநகர் 44, துறைமுகம் 8, மலையூர் 8 என்பது போல ஒன்றைத் தரும். காகிதத்தில் உச்சம். ஆனால் துறைமுகத்திலும் மாற்றங்களிலும் உபரி பூஜ்யம். ஒரு நிமிடத் தாமதம்கூட அடுத்த ரயிலுக்குத் தொற்றும். மாற்றத்தின் கீழ் எல்லையை 5 ஆகவும் துறைமுகத்தை 10 ஆகவும் உயர்த்தி மறுபடி ஓட்டினால் இது கிடைக்கும்:

தலைநகர் புறப்பாடு 0, சந்திப்பு 38 – 40, துறைமுகம் 4
துறைமுகம் புறப்பாடு 14, சந்திப்பு 38 – 40, தலைநகர் 18
சந்திப்பிலிருந்து கிளை 43, மலையூர் 5 – 13, சந்திப்பு 35

கேட்காமலே ஒரு பரிசும் வந்திருக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் வருகையும் புறப்பாடும் 9 அல்லது 39-ஆம் நிமிடத்தைச் சுற்றிச் சமச்சீராக உள்ளன. அதனால் துறைமுகத்திலிருந்து வருபவருக்கும் மலையூர் ரயில் 5 நிமிடத்தில் கிடைக்கிறது, மறுதிசையிலும் அப்படியே. சமச்சீரை ஆரம்பத்திலேயே நிபந்தனையாக வைத்தால் போகும் மாற்றம் நன்றாக இருந்தால் வரும் மாற்றமும் நன்றாக இருக்கும். கணக்கின் அளவும் ஏறத்தாழப் பாதியாகும். அதற்கு ஈடாகச் சில நல்ல தீர்வுகள் விடுபடும். சந்திப்பில் 38-இலிருந்து 40 வரை மூன்று ரயில்கள் ஒன்றாக நிற்பதால் மூன்று நடைமேடைகள் வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நூறு வழித்தடம் என்றால் கையால் ஆகாது. குரோபி, சிப்லெக்ஸ் போன்ற முழு எண் சால்வர்கள் சுழற்சி வடிவத்தை ஏற்கும். ஏதாவது ஓர் அட்டவணை கிடைத்தால் போதும் என்ற நிலையில், நிபந்தனைகளை ஆம்-இல்லை தர்க்கமாக மாற்றித் தீர்க்கும் முறை வேகமானது. கிடைத்ததை மெருகேற்ற, நாக்டிகாலும் ஓபிட்ஸும் 2008-இல் கொடுத்த மாடுலோ நெட்வொர்க் சிம்ப்ளெக்ஸ் என்ற படிப்படியாக மேம்படுத்தும் முறை நன்றாக வேலை செய்யும். ‘தீர்வு இல்லை’ என்று வந்தால் எல்லா எல்லையையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதீர்கள். முதலில் மாற்ற நிபந்தனைகளை நீக்கி ஓட்டுங்கள், பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். இடிக்கும் இடம் அகப்படும்.

ஐந்தாம் படி: தாமதத்தைத் தொடருங்கள்

தலைநகர் ரயில் சந்திப்புக்கு 7 நிமிடம் தாமதமாக, 45-இல் வருகிறது. கிளை ரயில் அதற்காகக் காத்திருக்கிறது. மாற்றத்தில் 1 நிமிட உபரி இருப்பதால் கிளை 6 நிமிடம் தாமதமாக 49-இல் கிளம்பும். மலையூரில் திரும்ப 5 போதும், 8 இருக்கிறது. தாமதம் 3 ஆகிறது. சந்திப்புக்கு 38-இல் வரும். தலைநகருக்குப் போகும் ரயில் 40-க்குப் பதில் 45-இல் கிளம்பும்: அது அதே தாமதமான ரேக்தான், துறைமுகத்தில் 2 நிமிடத்தை மீட்டு 43-இல் வருகிறது. தலைநகரில் 42 நிமிட நிறுத்தம் அதை விழுங்கிவிடும். கிளை ரேக் 38-இல் வந்து 5 நிமிடத்தில் திரும்பி, 43-க்குச் சரியாகக் கிளம்பும். ஒரே சுற்றில் அட்டவணை தன்னைச் சரிசெய்துகொண்டது.

இதை எல்லாத் தாமதத்துக்கும் சேர்த்துச் சொல்லும் கருவி மேக்ஸ்-பிளஸ் இயற்கணிதம் (கூட்டலும் பெரியதைத் தேர்வதும் மட்டுமே செயல்களாக உள்ள கணிதம்). செய்வது எளிது: ஒவ்வொரு சுழற்சியின் குறைந்தபட்ச நேரத்தையும் அதன் முழு எண்ணால் வகுங்கள். கிளை ரேக் 54 ÷ 1 = 54. பிரதான ரேக் 144 ÷ 3 = 48. பயணி வழி 141 ÷ 3 = 47. இவற்றில் பெரியது 60-க்குக் கீழே இருந்தால் தாமதம் காலப்போக்கில் கரையும். 54 என்பதால் மணிக்கு 6 நிமிடம் கைவசம்.

இனி அந்தப் பரிசைக் கவனியுங்கள். துறைமுகப் பக்கத்து இரு மாற்றங்களுக்கும் ரயில் காத்திருக்கும் என்று உத்தரவாதம் கொடுத்தால் புதிய சுழற்சி ஒன்று முளைக்கிறது: மலையூரிலிருந்து வந்து, துறைமுக ரயிலுக்கு மாறி, அது திரும்பி வந்து, மறுபடி கிளை ரயிலுக்கு. 4 + 24 + 8 + 24 + 4 + 22 + 5 + 22 = 113; இரண்டு மணி நேரச் சுற்று, ஆகவே 56.5. கைவசம் இருந்த 6 நிமிடம் 3.5 ஆகச் சுருங்கிவிட்டது. அட்டவணையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எனவே அந்த இரு மாற்றங்களையும் அறிவிப்புப் பலகையில் காட்டுங்கள், ஆனால் ரயிலைப் பிடித்து வைக்காதீர்கள்.

ஆறாம் படி: ஒரு மணியை ஒரு நாளாக விரிப்பது

தலைநகரிலிருந்து முதல் ரயில் 5:00, கடைசி 22:00. துறைமுகத்திலிருந்து முதல் 5:14, கடைசி 22:14 என்போம். காலை 5:00-க்கும் 6:00-க்கும் தலைநகரில் இரண்டு ரேக்குகள் வேண்டும். 5:14-க்குத் துறைமுகத்தில் ஒன்று. 5:13-க்கு மலையூரில் கிளை ரேக். இரவில் 20:00-க்கும் 21:00-க்கும் கிளம்பிய ரேக்குகள் 22:18, 23:18-க்குத் தலைநகர் திரும்பும். 22:00-க்குக் கிளம்பியது 23:04-க்குத் துறைமுகம் சேரும். கிளை ரேக் 22:43-க்குக் கிளம்பி 23:05-க்கு மலையூரில் நிற்கும். காலைக் கணக்கும் இரவுக் கணக்கும் பொருந்துகின்றன. காலி ரேக் ஓட்டம் தேவையில்லை.

பொருத்தம் கூடிப்போனாலும் சிக்கல்தான். துறைமுகத்தில் காலையில் கிளம்பும் ரேக் 7:00, 10:00, 13:00, 16:00, 19:00, 22:00 என்று தலைநகரை விட்டுக் கிளம்பி, அதே துறைமுகத்துக்கே இரவு வந்து சேரும், ஒவ்வொரு நாளும். பணிமனை தலைநகரில் இருந்தால் அந்த ஒரு ரேக் மட்டும் இரவுப் பராமரிப்பையே பார்க்காது. மூன்று ரேக்குகளில் இரண்டு ஒரே நேரத்தில் பகலில் தலைநகரில் நிற்பதும் இல்லை, ஆகவே தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் முடியாது. நான்காவதாக ஒரு மாற்று ரேக்கைத் தலைநகர் யார்டில் வைத்து, 18-க்கு வந்து 0-க்குக் கிளம்பும் அந்த 42 நிமிடத்துக்குள் பழையதை யார்டுக்கு இழுத்துவிட்டுப் புதியதை நடைமேடையில் விட வேண்டும். வாரத்தில் எந்தெந்த நாள் எந்த ரேக் என்பதை அட்டவணையோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.